எலும்பில் அலுமினியம் படியாமல் தடுப்பது எப்படி?

அலுமினியம் என்றாலே பலரும் சமையல் பாத்திரத்தைத்தான் சந்தேகப்படுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது மருந்து டப்பாவை. உணவு, தண்ணீர் வழியாக வரும் அலுமினியத்தில் 1 சதவீதம்கூட குடலில் ஏறாது. ஏறியதையும் நல்ல சிறுநீரகம் சிறுநீரோடு தள்ளிவிடும். சிறுநீரகம் தளர்ந்துவிட்டால்தான் ஆபத்து. உடலில் தங்கும் அலுமினியத்தில் பாதிக்கு மேல் எலும்பில் சேர்கிறது.

புது எலும்பு முதலில் மெத்தென்ற புரதப் படலமாக உருவாகி, பிறகு கால்சியமும் பாஸ்பேட்டும் ஏறி இறுகும். இறுகும் அந்த விளிம்பிலேயே அலுமினியம் படிந்து, கனிமம் ஏறவிடாமல் தடுக்கிறது. எலும்பு கட்டும் செல்களும் மந்தமாகின்றன. விலா, இடுப்பு வலிக்கும்; தொடைத் தசை தளரும்; லேசாக இடறினாலே எலும்பு முறியும். இந்த நிலையில் கால்சியமும் வைட்டமின் டியும் கொடுத்தால் எலும்பு வாங்கிக்கொள்ளாது, ரத்தத்தில்தான் கால்சியம் எகிறும்.

நெஞ்செரிச்சல் மருந்தின் லேபிளில் அலுமினியம் ஹைட்ராக்சைடு, சுக்ரால்ஃபேட் என்ற பெயர்களைத் தேடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மாற்று மருந்து கேட்க வேண்டும். கால்சியம் சிட்ரேட்டும் சிட்ரேட் உள்ள நுரைக்கும் மாத்திரையும் அலுமினிய மருந்தோடு சேரவே கூடாது. சிட்ரேட் அலுமினியத்தைக் குடலில் பல மடங்கு ஏற்றிவிடும். சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் இந்த மருந்தை மாதக்கணக்கில் அதிக அளவில் குடித்தால், அது குடலிலேயே பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். பாஸ்பேட் குறைந்து எலும்பு மென்மையாகும்.

பாத்திர விஷயத்தில், பூச்சில்லாத அலுமினியத்தில் புளிப்பானதைச் சேமிக்காமல் இருந்தால் போதும்.

டயாலிசிஸ் செய்பவர்கள் மையத்தின் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டுப் பாருங்கள்: அலுமினியம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. குடிநீரைத் தெளியவைக்க அலுமினிய உப்பான படிகாரம் சேர்ப்பதால், தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவி பழுதானால் அலுமினியம் நேராக ரத்தத்துக்கே வரும்.

டயாலிசிஸ் செய்பவர்களுக்கு ரத்தத்தில் அலுமினியப் பரிசோதனை ஆண்டுக்கு ஒருமுறை. அவர்களில் அலுமினிய மருந்து எடுப்பவருக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை. மிகச் சிறிய அளவில் உள்ள தனிமங்களை அளக்கும் நுண்தனிமச் சோதனைக்கான தனிக் குழாயில்தான் ரத்தம் எடுக்க வேண்டும். சாதாரணக் குழாயின் ரப்பர் மூடியிலிருந்தே அலுமினியம் கலந்து அளவைக் கூட்டிக் காட்டும். லிட்டருக்கு 20 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் நல்லது. 60-ஐத் தாண்டினால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். எலும்பில் படிந்திருப்பதை உறுதியாகக் காட்டுவது எலும்புத் திசுப் பரிசோதனைதான்.

அலுமினியத்தை வெளியே இழுக்கும் டெஸ்ஃபெராக்சமினை நிபுணர்தான் கொடுக்க வேண்டும். ரத்தத்தில் அளவு 200-ஐத் தாண்டியிருந்தால் முதலில் தீவிர டயாலிசிஸால் குறைக்க வேண்டும். இல்லையென்றால் எலும்பிலிருந்து கிளம்பும் அலுமினியம் மூளையைத் தாக்கும்.