கூட்டாளிகளோடு எரிமலை பார்க்கப் போகிறீர்களா? கொழும்பிலிருந்து புரோமோவுக்கு

இலங்கையில் எரிமலை இல்லை. கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்துவிட்டு, கீழே எரிமலை ஏதும் இருக்குமோ என்று கேட்கிறவர்கள் உண்டு, ஆனால் அது ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி மேலே வரும் நிலத்தடி நீர்தான். உயிருள்ள எரிமலையின் வாயருகே போய் நிற்க ஆசையென்றால் கடல் தாண்டத்தான் வேண்டும். முதல் தடவை போகிற கூட்டத்துக்கு நான் சொல்வது இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் இருக்கும் புரோமோ. உயரம் 2,329 மீட்டர், நம்முடைய சிவனொளிபாதமலையைவிடக் கொஞ்சம் கூட. ஆனால் அங்கே போல ஐயாயிரம் படி ஏறத் தேவையில்லை. பெரும் பகுதி ஜீப்பில், பிறகு மணலில் ஒரு நடை, கடைசியாக 250 படி அளவு. முழங்கால் நோவு உள்ளவரும் மெல்ல மெல்ல ஏறிவிடலாம்.

கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூரில் விமானம் மாறி சுரபாயா போய் இறங்குங்கள். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முந்தி. இறங்கிய அன்றே மலைக்குக் கிளம்பாதீர்கள், ஒரு பகல் நன்றாகத் தூங்கி எழுந்து அந்த இரவு போங்கள். ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை மழை குறைவு.

அதற்கெல்லாம் முன்னால், டிக்கெட் போடுவதற்கும் முன்னால், கொழும்பிலேயே எல்லோரும் ஒரு பின்னேரம் உட்கார்ந்து கதைக்க வேண்டும். நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஆறு பேர் இருந்து கதைத்தோம். யாருக்குத் தொய்வு (ஆஸ்துமா) இருக்கிறது, யாருக்கு இதய வருத்தம், யாராவது கர்ப்பமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மலையில் வரும் கந்தகப் புகை ஆரோக்கியமானவருக்கு வெறும் இருமல், தொய்வு உள்ளவருக்கு ஆபத்து. அப்புறம் ஒரு விஷயத்தை முடிவு செய்யுங்கள்: ஆறு பேரில் யார் ஒருவர் "திரும்புவோம்" என்று சொன்னாலும், காரணம் கேட்காமல் ஆறு பேரும் திரும்ப வேண்டும். அங்கே போய் இதை முடிவு செய்ய முடியாது. இவ்வளவு காசு செலவழித்து, இரவெல்லாம் முழித்து, இன்னும் ஐம்பது படிதான் என்று நிற்கும்போது யாருக்கும் மனம் வராது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2023 டிசம்பர் 3ஆம் திகதி சுமாத்ராவின் மராப்பி எரிமலை திடீரென்று வெடித்தபோது மேலே ஏறியிருந்தவர்களில் 24 பேர் இறந்துபோனார்கள். 2019 டிசம்பரில் நியூசிலாந்தின் வெள்ளைத் தீவில் 22 பேர், பெரும்பாலும் ஒரு நாள் சுற்றுலாவாக வந்தவர்கள். இப்படியான வெடிப்பில் நெருப்புக் குழம்பு ஓடி வருவதில்லை. உள்ளே சிக்கிய நீராவியும் வாயுவும் ஒரே நொடியில் கிளம்பிச் சாம்பலையும் கல்லையும் வீசும். ஓட நேரம் கிடைக்காது.

ஆகவே எச்சரிக்கை நிலையைப் பார்க்கப் பழகுங்கள். இந்தோனேசியாவில் கீழிருந்து மேலாக நான்கு படி: நோர்மல், வஸ்பதா, சியாகா, அவாஸ். அரசின் மக்மா இந்தோனேசியா தளத்தில் ஒவ்வொரு மலைக்கும் இது போட்டிருக்கும், கூடவே வாயிலிருந்து எத்தனை கிலோமீட்டருக்குள் போகக்கூடாது என்றும் இருக்கும். நிலையின் பெயரைவிட எனக்கு முக்கியம் அந்தத் தூரம். ஒரு கிலோமீட்டர் என்று போட்டிருந்தால் படிக்கட்டு அதற்குள்தான் வருகிறது, மற்றவர்கள் ஏறுகிறார்களே என்று நீங்களும் ஏற வேண்டாம். எதிர்மலையிலிருந்து பார்ப்பதே கண் நிறையும், அதைச் சொல்கிறேன்.

இரவு பதினொன்றரைக்கு சுரபாயாவில் வான் வண்டியில் ஏறினால் மூன்று மணி போல மலையடிக்குப் போய்விடலாம். அங்கே ஜீப்புக்கு மாற வேண்டும். சாரதியைத் தவிர ஐந்து பேர் வசதியாக இருக்கலாம், ஆறு பேர் என்றால் நெருக்கித்தான் இருக்க வேண்டும். விடியலைப் பார்க்க, அந்த எதிர்மலையில் பெனஞ்சாக்கான் என்ற 2,770 மீட்டர் உயர இடத்துக்கு நான்கு மணிக்குள் போனால்தான் முன்வரிசை. குளிர் நுவரெலியா டிசம்பர் குளிர் மாதிரி, ஜூலை ஓகஸ்டில் அதைவிட மோசம். புறக்கோட்டையில் வாங்கிய மெல்லிய ஜக்கெட் போதாது, உள்ளே இரண்டு பெனியன் போடுங்கள், காதை மூடுங்கள், காலுக்குச் செருப்பு வேண்டாம், சப்பாத்து.

ஐந்தேகால் போல வெளிக்கும்போது கீழே ஒரு பெரிய வட்டக் குழி தெரியும். முன்னொரு காலத்தில் இருந்த பெரிய எரிமலை இடிந்து விழுந்த பள்ளம் அது. அதற்குள் முகில் பால் ஊற்றியது போலக் கிடக்க, நடுவில் புரோமோ வெள்ளையாகப் புகைந்துகொண்டிருக்கும், பின்னால் 3,676 மீட்டர் செமேரு. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செமேருவின் உச்சியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை கிளம்பி, சத்தமே இல்லாமல் விரிந்து, காற்றில் சரிந்தது. ஆறு பேரில் ஒருவரும் பேசவில்லை.

மேலே ஏறத் தடை இல்லையென்றால் அடுத்தது மணற்கடல், அந்தக் குழிக்குள் இருக்கும் மணல்வெளி. ஜீப் நிற்கும் இடத்திலிருந்து படியடி வரை குதிரையும் கிடைக்கும், அந்த மலைப்பக்கத்தில் வாழும் தெங்கர் மக்கள் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர்கள் இந்துக்கள். மணலுக்கு நடுவில் அவர்களுடைய கோயில் இருக்கிறது. கசடா விழாவில் காய்கறி, பழம், கோழி எல்லாம் எரிமலை வாய்க்குள் போட்டு நேர்த்தி தீர்ப்பார்கள். விளிம்பில் பூவோ பழமோ இருந்தால் மிதிக்காமல் விலகி நடங்கள்.

விளிம்பு ஒடுக்கம், தடுப்பும் எல்லா இடத்திலும் கிடையாது. ஒருவர் பின் ஒருவராக நில்லுங்கள், செல்பிக்காகப் பின்வாங்க வேண்டாம். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று முதலில் பார்த்து, புகை உங்களை விட்டு விலகிப் போகிற பக்கம் நில்லுங்கள். சாதாரண மாஸ்க் தூசியைக் கொஞ்சம் மறிக்கும், வாயுவை மறிக்காது. கந்தக வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும், அதனால் குனிந்து குழிக்குள் இறங்கிப் பார்க்கும் வேலையே வேண்டாம். தீக்குச்சி கிழித்த மணம் மூக்கில் ஏறித் தொண்டை கடித்தால் இறங்குங்கள். எங்கள் கூட்டாளி ஒருத்தி மூன்றே நிமிடத்தில் "போதும், இறங்குவோம்" என்றாள், அவளுக்குச் சின்ன வயதிலிருந்து தொய்வு. பேசி வைத்தபடி எல்லோரும் இறங்கினோம். இன்ஹேலர் வானில் இருந்த பையில் இருந்தது, அது பிழை, சட்டைப் பையிலேயே இருந்திருக்க வேண்டும். கீழே வந்து மூச்சு சீரான பிறகுதான் பார்த்தோம், அவள் விரலில் இருந்த வெள்ளி மோதிரம் மங்கிக் கறுத்திருந்தது.

கெமராவில் சாம்பல் படிந்தால் துணியால் துடைக்காதீர்கள். அது அடுப்புச் சாம்பல் மாதிரியல்ல, கண்ணாடித் துகளும் கல் துகளும், கீறிவிடும். ஊதித் தட்டுங்கள். கண்ணுக்குள் போனால் கசக்காமல் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கொன்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அன்றைக்கு மூக்குக் கண்ணாடியோடு வாருங்கள்.

சாப்பாட்டில் மரக்கறி மட்டும் உண்கிறவர்கள் கவனம், அங்கே சம்பலில் இறால் விழுது சேர்ப்பார்கள், "தன்பா தெராசி" என்று சொன்னால் அது இல்லாமல் தருவார்கள். கடைசியாக வான் சாரதி. அவரும் உங்களோடு இரவு முழுக்க விழித்திருந்தவர், திரும்பும் வழி முழுக்க வளைவு. ஒன்பது மணிக்குக் கிளம்ப அவசரப்படாமல் ஒரு மணி நேரம் அவரைத் தூங்க விடுங்கள். நாங்கள் அந்த நேரம் சூடாக சோளம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு சப்பாத்து மணலைத் தட்டினோம்.