வீட்டுச் செட்டு வேற, கரண்ட்டு கணக்கு வேற

எங்க காரைக்குடி வீட்ல ஆளில்லாத ரூம்ல ஃபேன் ஓடுனா போதும், அப்பத்தா போடுற சத்தம் வளவு முழுக்கக் கேக்கும். அந்தச் செட்டு, அதாவது சிக்கனம், வீட்டுக்கு ரொம்ப சரிதான், ஆனா "ஈபியும் (மின்வாரியம்) இப்படிக் குடும்பம் நடத்துனா நஷ்டமே வராது"ன்னு டீக்கடையில பேசறோம் பாருங்க, அங்கதான் தப்பு ஆரம்பிக்குது.

முதல் தப்பு, கரண்ட்டை நெல்லு மாதிரி நெனைக்கறது. இந்த நொடி எவ்வளவு இழுக்கறமோ அவ்வளவுதான் இந்த நொடி உற்பத்தி ஆகணும், கூடுனாலும் கொறைஞ்சாலும் கரண்ட்டோட துடிப்பு, நொடிக்கு 50 தடவைங்கற அந்த 50 ஹெர்ட்ஸ், ஆட ஆரம்பிச்சிரும், நடுராத்திரி நீங்க அணைச்ச லைட்டு மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு யாருக்கும் வந்து சேராது. சேத்து வைக்கணும்னா அதுக்குன்னு தனியா செலவழிக்கணும்: காடம்பாறையில தண்ணிய மேல ஏத்தி மறுபடி கீழ விட்டு கரண்ட்டு எடுக்கற 400 மெகாவாட் நிலையம் இருக்கு, அப்புறம் பேட்டரி. (நம்ம ஊரு சிக்ரி, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், 1953-லேர்ந்து இயங்குது, பேட்டரி ஆராய்ச்சியும் அங்க நடக்குது, அதுக்கு 300 ஏக்கரும் 15 லட்ச ரூவாயும் குடுத்தது அழகப்ப செட்டியார். செட்டுக்குப் பேர்போன ஊர்லதான் இதுவும் நடந்துச்சு!)

அடுத்தது, யூனிட் கொறைஞ்சா செலவும் அதே அளவு கொறையும்ங்கற நெனைப்பு. கல்யாணத்துக்குச் சமையல்காரர் பேசியாச்சு, பந்தியில ஆள் கொறைஞ்சா அரிசி மிஞ்சும், அவர் கூலி கொறையுமா? ஒப்பந்தம் போட்ட அனல் மின் நிலையத்துக்கு, வாங்குனாலும் வாங்காட்டியும் ஒரு நிலையான தொகை குடுத்தே ஆகணும்.

அவசரத்துக்குன்னு சும்மா நிக்குற மெஷினை தண்டம்னு சொல்றது, டிரான்ஸ்பார்மர் ஆயில் டெஸ்ட்டை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு தள்றது, இதெல்லாம் சிக்கனமே இல்ல. 2012 ஜூலை 30, 31-ல வடக்க கிரிட் (மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கற லைன் வலை) அடுத்தடுத்து விழுந்ததுக்கு லைன்ல தாங்குற அளவுக்கு மேல ஏத்துனதும் ஒரு காரணம்.

கடனே ஆகாதுங்கறதையும் நான் ஒத்துக்க மாட்டேன். பர்மாவுல வட்டிக்கடை வெச்ச நம்ம ஊர்ச் செட்டியாருக அடுத்தவுக போட்ட டெபாசிட்டையும் சேத்துத்தான் வட்டிக்கு விட்டாக, வீட்ல செட்டு, தொழில்ல துணிச்சல். முப்பது வருஷம் ஓடற லைனுக்குக் கடன் வாங்குறது நியாயம், அன்னாட கரண்ட்டு வாங்கக் கடன் வாங்குறதுதான் ஆபத்து, அப்படிச் சேந்த சுமையிலதான் 2017-ல தமிழ்நாடு உதய்ங்கற மத்திய அரசோட மின்வாரியக் கடன் மீட்புத் திட்டத்துக்குப் போக வேண்டியதாச்சு.

வீட்டுச் செட்டு நெசமா உதவுறது நேரத்துலதான். மோட்டாரை எல்லாரும் கரண்ட்டு இழுக்கற ராத்திரி பீக் அவர்ல போடாம வெயில் இருக்கற மத்தியானம் போட்டா சோலார் கரண்ட்டு வீணாகாம பயன்படும். அப்பத்தாகிட்ட சொன்னேன். "அப்ப ரேட்டு கொறைப்பானாடா?"ன்னு கேக்குறாக. எங்க வீட்டு மீட்டருக்கு எல்லா மணிக்கும் ஒரே ரேட்டுதான்.