செம்புத் தகட்டில் ஒரு முகம்: வீட்டிலேயே எட்சிங்

பாரிஸில் 1892இல் ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன், பிரெஞ்சு எழுத்தாளர் எர்னஸ்ட் ரெனானை எட்சிங்கில் வரைந்தார். உலோகத் தகட்டில் கோடுகளை அமிலத்தால் அரித்து, அவற்றில் மை நிரப்பி அச்சடிப்பதுதான் எட்சிங். தேடிப் பெரிதாக்கிப் பாருங்கள். எங்கும் சாய்ந்த கோடுகள்தான். கோடுகள் நெருங்கினால் நிழல், விலகினால் வெளிச்சம். அதே வழியில் உள்ளங்கை அளவில் ஒரு முகம் செய்வோம்.

செம்புத் தகட்டின் ஓரங்களை அரத்தால் சரிவாக்குங்கள். இல்லாவிட்டால் அச்சடிக்கும்போது காகிதம் கிழியும். சாக்பொடியும் சோயா சாஸும் சேர்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் பரவினால் எண்ணெய்ப் பசை போய்விட்டது. தகட்டைச் சூடாக்கி, தேன்மெழுகும் நிலக்கீலும் ரோசினும் (பைன் மரப் பிசின்) கலந்த கிரவுண்டை, அதாவது அமிலம் படாமல் காக்கும் பூச்சை, உருளையால் மெல்லிசாகப் பூசுங்கள். படத்தை இடவலம் மாற்றி டிரேஸ் எடுத்து, ஊசியால் வரையுங்கள். அழுத்த வேண்டாம், மெழுகு விலகினால் போதும்.

கோட்டை ஆழமாக்குவது அமிலம்தான், கை இல்லை. முகம் கெடுவதும் இங்கேதான்: எல்லாக் கோடும் ஒரே நேரம் ஊறினால் கன்னமும் மேலங்கியும் ஒரே கறுப்பாகிவிடும். முதலில் கிரவுண்ட் பூசிய ஒரு துண்டுச் செம்பில் கோடுகள் போட்டு, அமிலக் கரைசலில் ஊறவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு பகுதியாக வார்னிஷால் மூடிக்கொண்டே வாருங்கள். அதை அச்சடித்தால், உங்கள் கரைசலில் எத்தனை நிமிடத்துக்கு எந்தக் கறுப்பு என்று தெரிந்துவிடும். அப்புறம் நிஜத் தகடு: சிறிது ஊறியதும் தகட்டை எடுத்து கன்னம், நெற்றியை முதலில் வார்னிஷால் மூடுங்கள், அடுத்து தலைமுடி, கண்மணியும் மேலங்கியின் மடிப்பும் கடைசி வரை ஊறட்டும்.

அந்தக் காலத்தில் நைட்ரிக் அமிலம் பரவலாக இருந்தது. வீட்டுக்கு ஃபெரிக் குளோரைடுதான் என் தேர்வு. எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும், நைட்ரிக் போல நச்சுப்புகை வராது. தகட்டைக் கவிழ்த்து, சற்று உயர்த்தி வையுங்கள். அப்போதுதான் கசடு கோட்டுக்குள் தங்காமல் கீழே விழும். கையுறை கட்டாயம். மிச்சக் கரைசலைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாயை அரிக்கும்.

டர்பன்டைனால் மெழுகைத் துடைத்து, மையைக் கோடுகளுக்குள் திணித்து, கஞ்சி போட்ட மஸ்லினால் மேல்மையை எடுங்கள். ஊறவைத்து ஒற்றிய பருத்திக் காகிதத்தை வைத்து பிரஸ்ஸில் ஓட்டுங்கள். சிறிய தகட்டுக்குப் பாஸ்தா மெஷினே போதும்.

பிற்சேர்க்கை: கோடு விட்டுவிட்டு வருகிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். அச்சின் பின்பக்கத்தைத் தடவுங்கள். கோடு மேடாகத் தட்டுப்படவில்லை என்றால் காகிதம் காய்ந்திருக்கும், அல்லது அழுத்தம் போதவில்லை. மேடு இருந்தும் கோடு வெளிறினால், மஸ்லின் மையை உள்ளிருந்தே இழுத்திருக்கிறது. துணியைத் தட்டையாகப் பிடித்துத் துடையுங்கள்.