நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரி: முடிவெடுக்காமல் வாக்குச்சாவடிக்குப் போகிறவருக்கு

அமெரிக்க மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில் எந்தக் கட்சியிலும் பதிவு செய்யாத வாக்காளர், கட்சிகள் தங்கள் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலன்று புகைப்பட அடையாள அட்டையைக் காட்டியதும், குடியரசுக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டுமா, ஜனநாயகக் கட்சியின் சீட்டு வேண்டுமா என்று மேசையிலேயே சொல்லியாக வேண்டும் என்பதால், அந்த ஒரு கேள்வியையாவது வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் வாங்க முடியாது.

அடுத்து, உங்கள் மனத்தில் இருப்பவர் இன்னும் களத்தில் இருக்கிறாரா என்று அன்று காலையில் பாருங்கள். 2024இல் குடியரசுக் கட்சி வேட்பாளராகப் போட்டியிட்ட ரான் டிசாண்டிஸ் வாக்குப்பதிவுக்கு இரண்டே நாள் முன்பு, ஜனவரி 21 அன்று, விலகினார். அச்சான சீட்டில் அவர் பெயர் அப்படியே இருந்தது. அதே தேர்தலில் ஜனநாயகக் கட்சிச் சீட்டில் ஜோ பைடனின் பெயர் இல்லை. ஆதரவாளர்கள் அதைக் கையால் எழுதியே அவரை வெற்றிபெறச் செய்தார்கள்.

இருவருக்கிடையே ஊசலாடினால், யாரை அதிகம் பிடிக்கிறது என்பதைவிட, யார் வேட்பாளரானால் நவம்பர் அதிபர் தேர்தலில் தயங்காமல் வாக்களிப்பீர்கள் என்று கேட்டுக்கொள்வதே, என் கணிப்பில், விரைவாக விடை தரும். வெளியேறுமுன், மீண்டும் கட்சி சாராதவராக மாறுவதற்கான படிவத்தைக் கேட்டுக் கையெழுத்திடுங்கள். அவசரத்தில் பலர் தவறவிடும் இடம் இது. மறந்தால், சீட்டு வாங்கிய கட்சியின் உறுப்பினராகவே பட்டியலில் இருப்பீர்கள்.