கல்லூரி டென்னிஸ் பயிற்சியாளர் ஆவது எப்படி? ஐந்தாம் ஆடுகளத்திலிருந்து ஒரு பார்வை

அமெரிக்கக் கல்லூரி டென்னிஸில் பயிற்சியாளராக வர நினைப்பவர் முதலில் ஓர் அணிப் போட்டியை ஐந்தாம் ஆடுகளத்தின் ஓரமாக உட்கார்ந்து, தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்க வேண்டும். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் மேல்தட்டான முதல் டிவிஷனில் இரண்டு கல்லூரிகள் மோதும்போது மூன்று இரட்டையர் ஆட்டங்கள் முதலில் நடக்கும். ஒவ்வொன்றும் ஒரே செட். அவற்றில் இரண்டை வெல்லும் அணிக்கு மொத்தமாக ஒரே ஒரு புள்ளி. பிறகு திறமை வரிசைப்படி ஒன்று முதல் ஆறு வரையிலான ஆடுகளங்களில் ஆறு ஒற்றையர் ஆட்டங்கள், ஆட்டத்துக்கு ஒரு புள்ளி. ஏழில் நான்கை முதலில் எட்டும் அணி வென்றுவிடும். முதல் ஆடுகளத்தில் நிற்கும் நட்சத்திரத்தின் வெற்றிக்கும், பெயர் கூடத் தெரியாத ஆறாம் ஆட்டக்காரரின் வெற்றிக்கும் பலகையில் ஒரே மதிப்புதான். பயிற்சியாளரின் வேலை நிலைப்பதும் பறிபோவதும் பெரும்பாலும் நான்கு, ஐந்து, ஆறாம் ஆடுகளங்களில்தான் முடிவாகிறது என்பது என் கணிப்பு. இந்த வேலைக்கு வருபவர்கள் தாமதமாகவே இதை உணர்கிறார்கள்.

இந்தத் தொழிலுக்கு ஒரு முன்மாதிரி வேண்டுமென்றால் டிக் கோல்டின் பெயரைத்தான் நான் முதலில் சொல்வேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணியை 38 பருவங்கள் நடத்தி, 2004-இல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 17 தேசிய அணிப் பட்டங்களும், 776 வெற்றிகளும், 148 தோல்விகளும் இருந்தன. இந்த எண்களைப் பார்த்து மலைத்துவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. தொடக்க ஆண்டுகளைப் பார்ப்பதுதான் பயனுள்ளது. ஸ்டான்ஃபோர்டிலேயே படித்த அவர், பட்டம் பெற்றதும் நேரே அங்கே தலைமைப் பயிற்சியாளராகிவிடவில்லை. அருகிலிருந்த ஃபுட்ஹில் என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் பயிற்சி கொடுத்து, அங்கே ஜெயித்துக் காட்டிய பிறகே பெரிய பொறுப்பு அவரிடம் வந்தது. வந்த பிறகும் ஆறு பருவங்கள் பட்டமில்லாமல் கழிந்தன. 1967 முதல் 1971 வரை தேசியப் பட்டம் லாஸ் ஏஞ்சலிஸின் இரு பல்கலைக்கழகங்களை விட்டு வெளியே போகவில்லை. 1972-இல் அது டெக்சாஸின் டிரினிட்டிக்குப் போனது. கோல்டுக்கு முதல் பட்டம் ஏழாவது பருவமான 1973-இல்தான் கிடைத்தது.

ஆகவே, முதல் வேலையைத் தேடும்போது கல்லூரியின் பெயரைப் பார்க்க வேண்டாம். எத்தனை பொறுப்புகள் உங்கள் கைக்கு வரும் என்று பாருங்கள். பெரிய பல்கலைக்கழகத்தில் மூன்றாவது உதவியாளராகப் பந்துக் கூடை சுமப்பதைவிட, இரண்டாண்டுக் கல்லூரியிலோ, விளையாட்டு உதவித்தொகையே இல்லாத மூன்றாம் டிவிஷன் கல்லூரியிலோ, அட்டவணை போடுவது முதல் வேன் ஓட்டுவது வரை எல்லாவற்றையும் தானே செய்து பழகுவது மேல். மட்டைக்கு நரம்பு கட்டத் தெரிந்திருப்பது இங்கே சிறிய தகுதி அன்று. பட்டப்படிப்பு கட்டாயம் வேண்டும், பயிற்சியாளர் சான்றிதழ் உதவும், கல்லூரி அளவில் ஆடிய அனுபவம் கதவைத் திறக்கும். ஆனால் உள்ளே போன பிறகு உங்களை நிலைநிறுத்துவது ஆள் தேர்வுதான்.

ஆள் தேர்வைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு மாணவரின் தரத்தை இன்று யுடிஆர் என்ற மதிப்பெண் சொல்லிவிடுகிறது. யாரிடம், எத்தனை கேம் வித்தியாசத்தில் வென்றார் அல்லது தோற்றார் என்பதைக் கொண்டு கணக்கிடப்படும் இந்த எண்ணை எல்லாப் பயிற்சியாளர்களும் ஒரே திரையில்தான் பார்க்கிறார்கள் என்பதால், அதை மட்டும் நம்புபவருக்கு எந்தச் சாதகமும் கிடைப்பதில்லை. நேரில் போய்ப் பார்க்க வேண்டியது அந்த எண் சொல்லாத விஷயங்களை. முதல் செட்டை 1–6 என்று இழந்த பையன் அடுத்த செட்டின் முதல் கேமுக்கு எப்படி நடந்து வருகிறான்? கோட்டில் விழுந்த பந்தை எதிராளி அவுட் என்று சொன்னால் என்ன செய்கிறான்? தோற்றுவிட்டு வெளியே வரும்போது தன் பையைத் தானே தூக்குகிறானா, அம்மாவிடம் கொடுக்கிறானா? சொல்லப்போனால், வெல்லும் நாளில் பார்த்துத் தேர்ந்தெடுத்தவரைவிடத் தோற்கும் நாளில் பார்த்துத் தேர்ந்தெடுத்தவரே நான்காம் ஆண்டில் கை கொடுப்பார்.

பணக் கணக்கும் இதோடு சேர்ந்ததே. நெடுங்காலம் முதல் டிவிஷன் ஆண்கள் அணிக்கு நாலரை முழு உதவித்தொகையும் பெண்கள் அணிக்கு எட்டும் என்ற வரம்பு இருந்தது. ஆண்கள் அணியின் பயிற்சியாளர் அந்த நாலரையை எட்டு அல்லது ஒன்பது பேருக்குப் பங்கிட்டாக வேண்டும். ஒருவருக்கு முழுதாகக் கொடுத்தால் ஐந்தாம் ஆடுகளத்தில் ஓட்டை விழும். 2025–26 முதல், வருவாயில் ஒரு பங்கை ஆட்டக்காரர்களுக்கே கொடுக்கும் புதிய வருவாய்ப் பகிர்வு ஏற்பாட்டை ஏற்ற கல்லூரிகளில் அந்த வரம்பு நீங்கி, அணிக்குப் பத்துப் பேர் என்ற ஆள் வரம்பு வந்திருக்கிறது. அந்தப் பத்துப் பேருக்கும் முழுப் பணம் கொடுக்கக் கல்லூரியிடம் வசதி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. வேலைக்கான நேர்காணலிலேயே தயங்காமல் கேட்டுவிட வேண்டிய கேள்வி அது.

வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பது இன்று இந்த வேலையின் பிரிக்க முடியாத பகுதி. சென்னை ரசிகர்களுக்கு நன்கு தெரிந்த இந்திய ஆட்டக்காரர் சோம்தேவ் தேவ்வர்மன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பயிற்சியாளராக இருந்த பிரையன் போலண்டும் சிறிய இடத்திலிருந்து வந்தவர். இண்டியானா ஸ்டேட்டில் பயிற்சியாளராக இருந்துவிட்டு 2001-இல் வர்ஜீனியாவுக்கு வந்தார். சோம்தேவ் 2006-இல் தேசிய ஒற்றையர் இறுதிப் போட்டியில் தோற்றார். 2007-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஜான் இஸ்னரை வென்றார். 2008-இல் பருவம் முழுவதிலும் 44 வெற்றி, ஒரே ஒரு தோல்வி என்ற கணக்கோடு மீண்டும் பட்டம் பெற்றார். மறு ஆண்டே சென்னை ஓப்பனின் இறுதிப் போட்டி வரை போனார். ஆனால் இத்தகைய ஆட்டக்காரர் இருந்த அந்த ஆண்டுகளில் வர்ஜீனியாவுக்கு என்சிஏஏ அணிப் பட்டம் கிடைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். போலண்டின் முதல் அணிப் பட்டம் 2013-இல் வந்தது. பின்னர் 2015, 2016, 2017 என்று தொடர்ந்து மூன்று.

எண் வரிசையைத் தந்திரத்துக்காக மாற்றவும் முடியாது. திறமை வரிசைப்படிதான் ஒன்று முதல் ஆறு வரை நிறுத்த வேண்டும் என்பது விதி. பலவீனமானவரை முதல் இடத்தில் பலி கொடுத்துவிட்டு மற்ற ஐந்தையும் அள்ளும் கணக்கு செல்லாது. பயிற்சி நேரத்துக்கும் வரம்பு உண்டு. பருவத்தின்போது வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்கு நான்கு. இந்த நேரத்தை நீங்கள் எங்கே செலவழிக்கிறீர்கள் என்பதே உங்கள் பயிற்சித் திட்டம். முதல் ஆட்டக்காரர் உங்களால் மட்டும் உருவானவர் அல்லர். சிறு வயது முதல் யாரோ வளர்த்து அனுப்பியவர். ஆறாமவரின் வாலியை, அதாவது பந்து தரையில் படும் முன்பே அடிக்கும் அடியை, திருத்தினால் இரட்டையரிலும் ஒற்றையரிலும் சேர்த்துப் பலன் தெரியும்.

போட்டி நாளில் பயிற்சியாளர் ஆடுகளத்துக்குள்ளேயே இருக்கலாம் என்பது கல்லூரி டென்னிஸின் தனித்தன்மை. ஸ்கோர் 3–3, மீதி எல்லா ஆட்டங்களும் முடிந்துவிட்டன, ஐந்தாம் ஆடுகளத்தில் மட்டும் மூன்றாவது செட் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் மாறும் இடைவேளையில் பையன் துண்டால் முகத்தை மூடியபடி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். முடித்துவிட்டு வந்த மற்ற ஐந்து பேரும் வேலியோரம் கத்திக்கொண்டிருக்கிறார்கள். அனுபவமில்லாத பயிற்சியாளர் அந்த ஒன்றரை நிமிடத்தில் ஏழு யோசனைகளைக் கொட்டுவார். அனுபவசாலி எதிரே குந்தி உட்கார்ந்து, அவன் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை பேசாமல் இருந்து, “அவன் இரண்டாவது சர்வீஸுக்கு ஓர் அடி உள்ளே வந்து நில்” என்று ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். டியூஸில் (40–40) ஒரே பந்தில் கேம் முடிந்துவிடும் இந்த முறையில், அடுத்த பந்துக்கு எங்கே நிற்பது என்று தெரிந்தவனுக்கே தெம்பு இருக்கும்.

நட்சத்திரம் போய்விடுவார் என்பதற்கும் தயாராக இருக்க வேண்டும். ஜான் மெக்கென்ரோ ஸ்டான்ஃபோர்டில் ஒரே ஓர் ஆண்டுதான் ஆடினார். 1978-இல் ஒற்றையர் பட்டமும் அணிப் பட்டமும் வாங்கிக் கொடுத்துவிட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார். 1979-இல் பட்டம் லாஸ் ஏஞ்சலிஸின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்குப் போனது. 1980-இலும் 1981-இலும் ஸ்டான்ஃபோர்டு அதை மீட்டது. அடுத்த ஆள் ஏற்கெனவே அணியில் இருந்தால்தான் இப்படி மீள முடியும்.

ஆடுகளத்துக்கு வெளியே செய்ய வேண்டியதில் பலரும் வெறுப்பது போட்டிக்குப் பார்வையாளர்களைக் கூட்டுவதும் நிதி திரட்டுவதும். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் டான் மேகிலைப் பார்த்தால் அந்த வெறுப்பு குறையும். 1955 முதல் 1988 வரை அணியை நடத்திய அவர், பல்கலைக்கழகத்தின் விளையாட்டுச் செய்தித் துறையிலும் வேலை செய்தவர். பல்கலைக்கழகம் இருக்கும் ஏதென்ஸ் என்ற சிறு நகரத்துக்குத் தேசியப் போட்டியைக் கொண்டுவந்து, 1977 முதல் 1989 வரை ஆண்டுதோறும் அங்கேயே நடக்கச் செய்தார். இத்தனைக்கும் அவருடைய முதல் அணிப் பட்டம் 1985-இல்தான் வந்தது. அவரிடம் ஆடிய மானுவல் டியாஸ் அவருக்குப் பின் பொறுப்பேற்று 2024 வரை இருந்தார். நான்கு பட்டங்கள் பெற்றார்.

உங்களுக்கு அடுத்து யார் என்பதை நீங்கள் இருக்கும்போதே யோசிக்க வேண்டும். கோல்டின் அணி 1998-இல் 28 போட்டிகளில் ஒன்றைக்கூடத் தோற்கவில்லை. இரட்டைச் சகோதரர்களான பாப், மைக் பிரையன் ஆடிய அந்த அணியில்தான் நான்கு ஆண்டுகளிலும் அணிப் பட்டம் வென்ற பால் கோல்ட்ஸ்டீனும் இருந்தார். கோல்டு விலகியதும் அவருடைய பழைய மாணவரும் 1974-இன் ஒற்றையர் சாம்பியனுமான ஜான் விட்லிங்கர் அணியை ஏற்றார். 2014-இல் அது கோல்ட்ஸ்டீனின் கைக்கு வந்தது. விட்லிங்கரின் பத்து ஆண்டுகளில் தேசியப் பட்டம் வரவில்லை. நேர்காணலில் இவ்விதமான இடத்துக்கு அழைக்கப்பட்டால், முன்னவரின் பட்டங்களைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டு, இப்போதைய அணியில் ஐந்தாம், ஆறாம் இடங்களில் ஆடுபவர்கள் எந்த ஆண்டில் படிக்கிறார்கள் என்று கேளுங்கள்.