உலகப் போரின் முடிவை மாற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஏழெட்டுப் பிள்ளைகள் கதை எழுதிக்கொண்டு வந்து வாசிப்பார்கள். பதினெட்டு வயதிலிருந்து இருபத்திரண்டு வரையான பிள்ளைகள். போன மாதம் மூன்று பேர் மாற்று வரலாற்றுக் கதை கொண்டுவந்தார்கள். இரண்டில், இரண்டாம் உலகப் போரில் யப்பான் வெல்கிறது, இலங்கை அதன் கைக்குப் போகிறது. மூன்றாவதைக் கடைசியில் சொல்கிறேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கு மனம் பதைத்தது. முப்பது வருடங்களுக்கு முன் நான் விட்ட பிழைகள் ஒன்று விடாமல் அந்தக் கதைகளில் இருந்தன.

கப்பலின் பெயரை மாற்றி எழுதுவது, ஆண்டைப் பிழையாகப் போடுவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. நல்ல வாசகர் ஒருவர் அவற்றை ஒரு மணித்தியாலத்தில் திருத்தித் தந்துவிடுவார். கதையை அடியோடு சாய்க்கிற பிழைகள் வேறு.

எல்லாத் துருசுகளையும் ஒன்றாகத் திறப்பது

இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்கிறவர்களுக்கு இது உடனே விளங்கும். துருசு என்றால் குளத்தின் மதகு. ஒரு துருசைத் திறந்தால் தண்ணீர் எந்த வாய்க்காலால் போய் எந்த வயலில் ஏறும் என்று பார்த்துக்கொண்டு போகலாம். எல்லாவற்றையும் திறந்துவிட்டால் எந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

நடந்தது இதுதான். 1942 ஏப்ரல் 4 அன்று கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சல், இலங்கைக்குத் தெற்கே யப்பானியத் தளபதி நகுமோவின் கப்பற்படையைக் கண்டார். சுட்டு வீழ்த்தப்பட முன் கொழும்புக்குச் செய்தி அனுப்பிவிட்டார். மறுநாள் உயிர்த்த ஞாயிறு. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்த படையின் விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது துறைமுகத்திலிருந்த கப்பல்களில் பெரும்பாலானவை வெளியேறியிருந்தன. 9ஆம் தேதி திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றைக்கே மட்டக்களப்புக்கு அப்பால் பிரித்தானியாவின் ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அதன்பின் அந்தப் படை திரும்பிப் போய்விட்டது. இலங்கையைப் பிடிக்கலாம் என்று யப்பானியக் கடற்படைத் திட்டமிடலாளர்கள் கேட்டிருந்தார்கள். சீனாவிலும் மஞ்சூரியாவிலும் சிக்கிக் கிடந்த தரைப்படை ஆள் தர மறுத்தது.

ஒரு தம்பியின் கதையில் பேர்ச்சல் எதையும் காணவில்லை, தரைப்படை சம்மதிக்கிறது, பசிபிக்கில் யப்பான் தோற்ற மிட்வே கடற்போரிலும் அது வெல்கிறது, அமெரிக்காவும் போரை விட்டு விலகுகிறது. நான்கு துருசுகள். ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னேன். தரைப்படை சம்மதிப்பதைத் தெரிவு செய்தான். நல்லது, அதில் நம்பத்தக்க கதை இருக்கிறது.

சரி, இனித் தண்ணீர் எங்கே போகும்? இலங்கைக்காக அந்தக் கப்பல்கள் இந்து சமுத்திரத்திலேயே நின்றால், அவற்றில் ஷொகாக்கு, சுயிகாக்கு என்ற இரண்டு விமானந்தாங்கிகளும் மே மாதம் பவளக் கடல் போருக்குப் போயிருக்க முடியாது. ஜூனில் மிட்வே நாம் படித்த மாதிரி நடக்காது. இந்தப் பக்கத்திலோ, மத்தியதரைக் கடல் வழி அடைபட்டுக் கிடந்த காலம் அது. எகிப்துக்கான படையும் தளபாடமும் ஆபிரிக்காவைச் சுற்றி இந்தச் சமுத்திரத்தால்தான் போயின. சோவியத்துக்கான உதவியில் ஒரு பங்கு பாரசீக வளைகுடாவால் போனது. இந்த வழியை யப்பான் அறுத்துவிடும் என்ற பயத்தில்தான் பிரித்தானியா 1942 மே மாதம் மடகஸ்காரில் படையை இறக்கியது. ஆகவே திருகோணமலையில் தொடங்கும் மாற்றம் எகிப்துப் பாலைவனம் வரை போகலாம். போரின் முடிவை மாற்ற விரும்பினால் இந்த வழியாக நடந்து போய் மாற்றுங்கள். அதைவிட்டு, இலங்கை விழுந்த பிறகும் அதே ஜூனில் அதே மிட்வே நடந்தால், உங்கள் கதையில் எதுவுமே மாறவில்லை.

ஹிட்லரைப் படியில் தடுக்கி விழவைத்துப் போரை முடிப்பது

எழுதாதீர்கள்.

அரிசி எதில் வந்தது?

இதை நீளமாகத்தான் சொல்ல வேண்டும். இந்தப் பிழைக்கு நான் இரண்டு வருடங்களைக் கொடுத்தேன். இன்றைக்கும் யாராவது இதைச் செய்தால் எனக்குக் கோபம் வருகிறது.

90களின் நடுப்பகுதி. வன்னியில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில், பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் ஒரு நாவல் எழுதினேன். யப்பான் இலங்கையைப் பிடித்து எட்டு வருடங்களுக்குப் பின், 1950இல் கதை தொடங்கும். மாங்குளம் ஸ்டேஷனில் புதிய கொடி, பள்ளிக்கூடத்தில் யப்பானிய மொழிப் பாடம், அரசாங்கக் கச்சேரியில் வேறு சீருடை. கொடி, சீருடை, தெருப்பெயர் எல்லாவற்றையும் ஆசை ஆசையாக எழுதினேன். முந்நூறு பக்கம் தாண்டியது.

பக்கத்துக் காணியில் ஓர் ஆச்சி இருந்தார். 1942இல் அவருக்குப் பன்னிரண்டு வயது. மூன்று பின்னேரங்கள் பாக்கு இடித்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். கடைசிப் பக்கம் முடிந்ததும் உரலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

“எல்லாம் சரி தம்பி. உன்ர கதையில சனம் என்னத்தைத் திண்டது? ரங்கூன் அரிசி எதில வந்தது?”

என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்றிரவு பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன். என் நாயகன் பதினெட்டு இடங்களில் சோறு சாப்பிடுகிறான். அந்தச் சோறு எந்த வயலில் விளைந்தது, எந்தக் கப்பலில் வந்தது என்று ஓரிடத்திலும் நான் யோசிக்கவே இல்லை.

ஆச்சி ஏன் அப்படிக் கேட்டார் என்றால், அவர் அதை அனுபவித்தவர். போருக்கு முன் இலங்கை தின்ற அரிசியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு வெளியிலிருந்து வந்தது. பெரும்பகுதி பர்மா அரிசி. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்ததோடு அது நின்றது. அரிசி கூப்பனுக்கு வந்தது, சங்கக்கடைகள் ஊர் ஊராகப் பெருகின, கோதுமை மாவும் பாணும் எங்கள் அடுப்படிகளுக்குள் வந்து குடியேறின. குரக்கன், மரவள்ளி, ஒடியற்கூழ் என்று ஆச்சி விரல் மடித்து எண்ணிக் காட்டினார். யப்பான் இந்தத் தீவில் காலடி வைக்காதபோதே இந்த நிலை.

இப்போது நம் கதைக்கு வாருங்கள். யப்பான் இலங்கையைப் பிடித்துவிட்டது. பர்மாவும் அவர்கள் கையில், இலங்கையும் அவர்கள் கையில். அப்படியென்றால் அரிசி வந்துவிடும் என்று நினைப்பீர்கள். நானும் ஆச்சிக்கு மறுநாள் அதைத்தான் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சரி என்பது எனக்குப் பிறகு படித்தபோதுதான் விளங்கியது.

போருக்கு முன் பர்மா ஆண்டுக்குச் சுமார் 30 இலட்சம் தொன் அரிசி ஏற்றுமதி செய்தது. யப்பான் பிடித்த பிறகு அந்த ஏற்றுமதி படுத்துவிட்டது. ஏற்றக் கப்பல் இல்லை. விற்க வழியில்லாத விவசாயி விதைப்பதைக் குறைத்தான். யப்பான் போருக்குள் வரும்போது அதனிடம் சுமார் 60 இலட்சம் தொன் வணிகக் கப்பல்கள் இருந்தன. படைக்கும் எண்ணெய்க்குமே அவை போதவில்லை; வருடா வருடம் நீர்மூழ்கிகள் அவற்றைத் தின்றுகொண்டிருந்தன. விளைவு என்ன? அரிசி விளைகிற யாவாவிலேயே பஞ்சம். வியட்நாமின் வடக்கில் 1944-45இல் பல இலட்சம் பேர் பட்டினியால் செத்தார்கள். பிரித்தானியாவின் பக்கத்திலும் கதை இதுதான்: பர்மா அரிசி நின்றுபோனது 1943 வங்காளப் பஞ்சத்தின் காரணங்களில் ஒன்று. அங்கே செத்தவர்களும் இலட்சக்கணக்கில்தான்.

ஆகவே உங்கள் மாற்று இலங்கையில் கொழும்புக்குக் கப்பல் வராது. அறுபது இலட்சம் பேருக்குச் சோறு வேண்டும். அதிகாரி என்ன செய்வான்? நெல் இருக்கிற இடத்தைத் தேடுவான். அவன் கண் வன்னியில் விழும். இரணைமடுவின் கீழ் விளைந்த நெல்லை மூட்டை கட்டிக் கிளிநொச்சி ஸ்டேஷனில் ஏற்றுவான். ரயில் எந்தத் திசையில் போகும்? தெற்கே படைமுகாமுக்கா, வடக்கே ஆனையிறவைத் தாண்டி யாழ்ப்பாணத்துக்கா? யாழ்ப்பாணத்தில் பசித்திருக்கிறவர்கள் இவர்களின் சொந்தக்காரர்கள். மூட்டையை எண்ணுகிற ஸ்டேஷன் மாஸ்டர் யார் பக்கம்? இரவில் வண்டிலில் நெல் கடத்துகிறவர் பிடிபட்டால் என்ன நடக்கும்? கதை இங்கேயே கிடந்தது. நான் முந்நூறு பக்கத்துக்குக் கொடி தைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாவலில் கடைசியில் மிஞ்சியது ஆறு பக்கம். ஸ்டேஷன் மாஸ்டரை வைத்து மறுபடியும் தொடங்கினேன்.

எனக்கு ஏன் இன்னும் கோபம் வருகிறது என்றால், இதை மற்ற ஊர்க்காரர் மறக்கலாம், நாங்கள் மறக்கக் கூடாது. வவுனியாவைத் தாண்டி ஒரு பட்டரி, ஒரு பை பசளை கொண்டுவர முடியாத தடைக்குள் இருந்து நான் அந்த நாவலை எழுதினேன். விளக்குக்கு ஊற்றிய ஒவ்வொரு துளி எண்ணெயும் எந்தப் பாதையால் வந்தது என்று எனக்குத் தெரியும். அந்த அறிவை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் கதைக்குள் போயிருக்கிறேன். இன்றைய பிள்ளைகளும் அதைத்தான் செய்கிறார்கள். அவர்களின் தாய் தகப்பனுக்கும் அந்தப் பாதைகள் தெரியும். எழுதத் தொடங்க முன் வீட்டில் கேளுங்கள். பிறகு அரிசி, மண்ணெண்ணெய், சீலை, மருந்து, உப்பு ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, உங்கள் மாற்று உலகில் ஒவ்வொன்றும் எங்கிருந்து, எதில், யார் கையால் வருகிறது என்று நிரப்புங்கள். நிரப்ப முடியாவிட்டால் முதல் அத்தியாயத்தைத் தொட வேண்டாம்.

இன்றைய வன்னியை 1942இல் கொண்டுபோய் வைப்பது

ஒரு கதையில் யப்பானிய விமானங்கள் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையைக் குண்டு போட்டு அழிக்கின்றன. அந்தத் தொழிற்சாலை 1950களில் வந்தது. வவுனிக்குளம், முத்தையன்கட்டுக் குடியேற்றங்களும் சுதந்திரத்துக்குப் பிறகுதான். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். 1942இல் இருந்தவை இரணைமடுக் குளம், அதன் கீழ் தொடங்கிய சிறு குடியேற்றம், 1905 முதல் கொழும்புக்கு நேரே ஓடிய ரயில், சிறு குளங்களைச் சுற்றிய பழைய ஊர்கள், பெருங்காடு, அப்புறம் மலேரியா.

மலேரியாவை விட்டுவிட்டு அந்தக் கால வன்னியை எழுத முடியாது. நுளம்புக்கு டி.டி.டி. தெளித்தது போர் முடிகிற கட்டத்தில்தான். அதுவரை மலேரியாவுக்கு மருந்து கொயினா. உலகத்துக் கொயினாவில் மிகப் பெரும்பங்கு யாவாவின் சிங்கோனாத் தோட்டங்களிலிருந்து வந்தது. 1942 மார்ச்சில் யாவா யப்பானிடம் விழுந்தது. ஆகவே வன்னிக்குள் வருகிற படையிடம் கொயினா இருக்கும், ஊரிடம் இருக்காது. ஒரு தங்கச்சி இதைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கதையில் ஓர் அப்போதிக்கரியிடம் நூறு வில்லைகள் இருக்கின்றன; நெல் காட்டிக்கொடுத்தால் இன்னும் நூறு தருவதாக ஓர் அதிகாரி சொல்கிறான். மூன்று கதைகளில் எனக்குப் பிடித்தது அதுதான்.

நேதாஜியை 1942 ஏப்ரலில் தலைமன்னாரில் இறக்குவது

அப்போது அவர் ஜேர்மனியில் இருந்தார். நீர்மூழ்கியில் கிழக்கு நோக்கிப் புறப்பட்டது 1943 பெப்ரவரியில்.

வந்தவனை மீட்பராக எழுதுவது

பிரித்தானியாவை எதிர்த்தவன் எங்களுக்கு நல்லவனாகத்தான் இருந்திருப்பான் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்-பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களை நினையுங்கள். 415 கிலோமீற்றர் பாதை. அதில் செத்த ஆசியத் தொழிலாளர் பல்லாயிரம். அவர்களில் பெருந்தொகையானோர் எங்கள் மொழி பேசியவர்கள். ‘ஆசியா ஆசியருக்கே’ என்று சொன்னவர்கள்தான் அந்தப் பாதையைப் போட்டார்கள்.

அதற்காக யப்பானை வரவேற்கிற பாத்திரத்தை முட்டாளாக எழுதவும் கூடாது. 1942 மே மாதம் இந்து சமுத்திரத்துக் கொக்கோஸ் தீவில் இலங்கைப் படையாட்கள் தங்கள் பிரித்தானிய அதிகாரிகளுக்கு எதிராகக் கிளர்ந்தார்கள், மூவர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்திய கோபம் உண்மையானது. அந்தக் கோபத்தோடு வரவேற்கிற ஒருவன், ஒரு வருடம் கழித்துத் தன் தம்பியை ரயில்பாதை வேலைக்கு ஏற்றுகிற லொறியின் பின்னால் ஓடுகிறான் என்று எழுதிப் பாருங்கள்.

எங்கள் போரை அதற்குள் ஒளித்து வைப்பது

மூன்றாவது கதை சிங்கப்பூரில் நடக்கிறது. 1942 பெப்ரவரி. ஒடுங்கிய நிலம், பின்னால் கடல், பதுங்குகுழிக்குள் ஒரு குடும்பம். கதையில் பிரித்தானியப் படை சரணடையவில்லை. கடைசி இரவில் நிலைமை திரும்பி எல்லோரும் தப்பிவிடுகிறார்கள். வாசித்துக்கொண்டு போன தம்பியின் குரல் பாதியில் நின்றுவிட்டது. அந்தக் கரை எது, அந்த மாதம் எது என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். 2009இல் அவனுக்கு ஆறு வயது.

எல்லோரும் போன பிறகு அவனோடு இருந்து கதைத்தேன். உன் ஆசையில் பிழையில்லை, எனக்கும் அந்த ஆசை உண்டு என்றேன். ஆனால் சிங்கப்பூரில் செத்தவர்களுக்கும் ஒரு கதை இருக்கிறது. அவர்களின் இடத்தில் எங்கள் ஆட்களை வைத்தால் இரண்டு பேருமே மறைந்துபோகிறார்கள். எழுத முடிந்தால் எங்கள் கதையை அதன் பெயரோடு எழுது. முடியாவிட்டால் வைத்திரு, அவசரமில்லை.

அவன் கொப்பியைக் கிழிக்கவில்லை. மறுபக்கம் திருப்பி, கடைசித் தாளிலிருந்து வேறொன்றைத் தொடங்கியிருக்கிறான். போன சனிக்கிழமை முதல் இரண்டு பக்கத்தை மட்டும் காட்டினான். ஒரு தாய் கஞ்சி காய்ச்சுகிறாள். அந்த அரிசி எதில் வந்தது, யார் எவ்வளவு அள்ளிக் கொடுத்தார்கள் என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. முதல் பத்தியிலேயே எழுதியிருந்தான்.