வெளிநாட்டுப் பையரோடு நடக்கும் வீடியோ மீட்டிங் நடுவில் அறுந்து போகிறதா? அடைப்பு எங்கே என்று முந்தின நாளே பாருங்க

ஜெர்மனியில் காலை 10 மணி என்றால் திருப்பூரில் குளிர்காலத்தில் மதியம் 2.30, வெயில்காலத்தில் 1.30. சாம்பிளை வீடியோவில் காட்டப் போகிறீர்கள் என்றால், முந்தின நாள் அதே நேரத்தில், அதே லேப்டாப்பை வைத்துச் சோதித்துவிடுங்க. கம்பெனி ஃபயர்வாலை, அதாவது நெட்டில் எது போகலாம், வரலாம் என்று வடிகட்டும் தடுப்பை, மாற்ற வேண்டி வந்தால் கடைசிப் பத்து நிமிஷம் போதாது.

முதலில் லேப்டாப்பின் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்க. தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று சொல்லி இணைப்பே கிடைக்காது.

அடுத்து ஸூமின் சோதனை மீட்டிங்கில் நுழையுங்க. நுழைய முடியவில்லை, அல்லது குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது என்றால், ஆபீஸ் வைஃபையை விட்டு போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறி மறுபடி பாருங்க. ஹாட்ஸ்பாட்டிலும் அதே கதைதான் என்றால் லேப்டாப்பைச் சந்தேகப்படலாம்: விபிஎன் (நெட் இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் மென்பொருள்) ஓடினால் நிறுத்துங்க, ஆன்டிவைரஸுக்குள் தனி ஃபயர்வால் இருக்கிறதா என்று பாருங்க. விண்டோஸ் ஃபயர்வாலை மொத்தமாக அணைக்காதீங்க. வெளியே போகும் இணைப்புகளை அது வழக்கமாகத் தடுப்பதில்லை, அணைத்தால் ஆபத்துதான் மிச்சம்.

ஹாட்ஸ்பாட்டில் நன்றாக ஓடினால் கோளாறு ஆபீஸ் நெட்வொர்க்கில். கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) அடித்தால் டிஃபால்ட் கேட்வே என்று ஒரு எண் வரும், அதுதான் ரவுட்டர். அதற்கு 50 தடவை பிங் (ping, பதில் வருகிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனை) அனுப்புங்க, பிறகு வெளியே இருக்கும் கூகுள் சர்வரான 8.8.8.8-க்கும் அனுப்புங்க. ரவுட்டருக்கே பாக்கெட் (அனுப்பும் தகவல் துண்டு) தொலைந்தால் வைஃபை பலவீனம். லான் கேபிளைச் செருகுங்க. ரவுட்டர் சரி, 8.8.8.8 மட்டும் தொலைகிறது என்றால் இன்டர்நெட் லைன்காரரைக் கூப்பிடுங்க.

இரண்டும் சுத்தம், ஆனாலும் குரல் உடைகிறதா? நெட்டில் தகவல் போக யுடிபி, டிசிபி என்று இரண்டு முறைகள் உண்டு; பெரும்பாலும் ஃபயர்வால் யுடிபியை மறித்திருக்கும். அப்போது ஸூம் டிசிபி 443-ஆம் போர்ட் (எண்ணிட்ட வாசல்) வழியாக ஓடும், அதனால்தான் மீட்டிங் திறக்கிறது. ஆனால் டிசிபியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் அது திரும்ப வரும்வரை பின்னால் வந்ததெல்லாம் காத்து நிற்கும். யுடிபி தொலைந்ததை விட்டுவிட்டு அடுத்ததைக் கொடுத்துவிடும். பேச்சுக்கு அதுதான் வேண்டும். ஐடி ஆளிடம் இப்படிச் சொல்லுங்க: ஸூமுக்கு யுடிபி போர்ட் 8801 முதல் 8810, டீம்ஸுக்கு 3478 முதல் 3481, கூகுள் மீட்டுக்கு 3478. வெளியே போகும் திசையில் திறந்தால் போதும், உள்ளே வரும் போர்ட் எதையும் திறக்க வேண்டாம்.

கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ரவுட்டர் நின்றுவிடும். ரவுட்டருக்கும் ஃபைபர் பாக்ஸுக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் போடுங்க; வாங்குமுன் அடாப்டரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று படித்துக்கொள்ளுங்க.